டூலா யார், மிட்வைஃப் யார்? முதல் பிரசவத்துக்குத் தயாராகிறவர்களுக்கு

"டூலா வைத்திருக்கிறோம், அவரே பிரசவம் பார்த்துவிடுவார்" என்று சொல்பவர்களை நகரங்களில் இப்போது பார்க்க முடிகிறது. டூலா பிரசவம் பார்ப்பவர் அல்ல. பிரசவம் பார்ப்பவர் மிட்வைஃப். அதற்கென்று படித்து, செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து, தாய்க்கோ குழந்தைக்கோ ஏதாவது ஆனால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். டூலா பிரசவிக்கும் பெண்ணுக்குத் துணை. இடுப்பைப் பிடித்துவிடுவார், மூச்சுவிடச் சொல்லித் தருவார், தண்ணீர் கொடுப்பார், பயம் ஏறாமல் பார்த்துக்கொள்வார். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டு விதமாகவும் கெடுதல். டூலாவை நம்பி வீட்டிலேயே நேரம் கடத்துவது ஆபத்து. சிஸ்டர்தான் இருக்கிறாரே, வேறு துணை எதற்கு என்று பெண்ணைத் தனியாக லேபர் வார்டுக்குள் அனுப்பிவிடுவதும் தவறு.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதியது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தேவையானது கடைசிக்குச் சற்று முன் இருக்கிறது.

1. ஒரே அறையில் இரண்டு வேலை

வலி நன்றாகப் பிடித்து, கர்ப்பப்பை வாய் 6, 7 சென்டிமீட்டர் திறந்திருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு மூன்று நான்கு வலி, ஒவ்வொன்றும் 45 நொடியிலிருந்து ஒரு நிமிடம்.

மிட்வைஃபின் கை வயிற்றின் மேல் இருக்கும். கர்ப்பப்பை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார். வலி தளர்ந்ததும் டாப்ளரை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பை முழுதாக ஒரு நிமிடம் கேட்பார். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் சரி. இதை அரை மணிக்குள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். முக்கும் கட்டம் வந்துவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை செய்து எவ்வளவு திறந்திருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். எல்லாவற்றையும் பார்ட்டோகிராஃப் என்ற, பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று கோடாக வரையும் தாளில் குறிப்பார். கோடு எதிர்பார்த்தபடி ஏறவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுவார். எப்போது கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் அவர் படிப்பின் பெரும்பகுதி.

டூலா அதே நேரத்தில் பெண்ணின் பின்னால் இருப்பார். வலி ஏறத் தொடங்கியதும் உள்ளங்கையின் அடிப்பகுதியை முதுகுத்தண்டின் கீழ்க்கோடியில், இரண்டு பிட்டத்துக்கும் மேலே இருக்கும் தட்டையான எலும்பில் வைத்து, தன் உடல் எடையைச் சாய்த்து அழுத்துவார். தேய்க்கக் கூடாது, ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். வலி இறங்கியதும் கையை எடுத்துவிடுவார். பிறகு ஒரு மடக்கு தண்ணீரோ இளநீரோ. தோள் இறுகியிருந்தால் தளர்த்தச் சொல்வார். பல்லைக் கடித்திருந்தால் வாயைத் திறந்து தாழ்ந்த குரலில் முனகச் சொல்வார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போவார். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நிரம்பிய சிறுநீர்ப்பை தலை இறங்குவதைத் தடுக்கும். குழந்தை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்குவதையும் அது கெடுக்கும்.

டூலா தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே பெண்ணுடன் இருப்பார். லேபர் வார்டு சிஸ்டரால் அது முடியாது. ஒரே நேரத்தில் நான்கைந்து பேரைப் பார்க்க வேண்டியிருக்கும், ஷிப்ட் மாறும். தொடர்ந்து கூடவே இருக்கும் துணைக்கு மருத்துவப் பலன் உண்டா என்று 26 ஆய்வுகளை, ஏறத்தாழ 15,800 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2017இல் வெளிவந்தது. துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைவு, வலி மருந்துத் தேவை குறைவு, பிரசவ நேரமும் சராசரியாக 40 நிமிடம் போலக் குறைவு. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 100 பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். அப்படி இருக்கும்போது இது அலட்சியப்படுத்தும் விஷயம் அல்ல. அதற்காக டூலா வைத்தால் சுகப்பிரசவம் உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழந்தை குறுக்கே படுத்திருந்தாலோ நஞ்சு (நஞ்சுக்கொடி) கர்ப்பப்பை வாயை மூடியிருந்தாலோ எந்தத் துணையும் அதை மாற்ற முடியாது.

2. உங்கள் ஊரில் மிட்வைஃப் என்ற பெயரில் யார் இருக்கிறார்?

மிட்வைஃப் என்று பலகை மாட்டிய அறையைத் தேடினால் கிடைக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவங்களைப் பெரும்பாலும் பார்ப்பது ஸ்டாஃப் நர்ஸ். நர்சிங் படித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் சேர்த்தே பதிவு செய்கிறார்கள். ஆக, நீங்கள் 'சிஸ்டர்' என்று கூப்பிடுபவர் சட்டப்படி மிட்வைஃபும்தான். வீட்டுக்கு வந்து கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கித்தரும் கிராம சுகாதார செவிலியர் இன்னொருவர். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு வேண்டும்.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. மத்திய அரசு 2018 டிசம்பரில் மிட்வைஃபரி சேவை வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி, ஏற்கனவே நர்ஸாக இருப்பவர் 18 மாதம் கூடுதலாகப் பயிற்சி பெற்று, சிக்கல் இல்லாத பிரசவங்களைத் தன் பொறுப்பில் நடத்தலாம். தெலங்கானா இதில் முன்னோடி. ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011இலேயே சொந்தமாகப் பயிற்சி தொடங்கிவிட்டது. மிட்வைஃப் பிரசவம் பார்க்கும் சில தனியார் பிரசவ மையங்களும் தென்னிந்திய நகரங்களில் உண்டு. அங்கே போவதாக இருந்தால் மூன்று கேள்விகளை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். கவுன்சில் பதிவு எண் என்ன? அவசரமானால் எந்த மகப்பேறு டாக்டர் வருவார்? சிசேரியன் செய்யும் இடத்துக்குப் போக எத்தனை நிமிடம்? 'அப்படியெல்லாம் வராது' என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

ஊர்ப்பக்கம் அந்தக் காலத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி வேறு. அனுபவம் இருந்தது, கைராசியும் இருந்திருக்கலாம். ஆனால் உதிரம் நிற்காமல் போனால் கொடுக்க மருந்து இருக்காது. குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட வேண்டும். கர்ப்பப்பை இறுகிச் சுருங்கி ரத்தக்குழாய்களை நெரித்து மூடுவதற்காக. இந்த ஊசியைக் குளிர்பதனத்தில் வைத்திருக்க வேண்டும், போடத் தெரிந்த கை வேண்டும். 2018இல் திருப்பூரில் இணையக் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் உதிரப்போக்கில் இறந்தது நினைவிருக்கும்.

யாருக்கு மிட்வைஃப் மட்டும் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இரட்டைக் குழந்தை, கால் பக்கம் கீழே இருக்கும் குழந்தை, முன்பு சிசேரியன், ரத்த அழுத்தம், ஊசி போட்டுக் கட்டுப்படுத்தும் சர்க்கரை, கீழிறங்கிய நஞ்சு, கடுமையான ரத்தசோகை. இவற்றில் எது இருந்தாலும் மகப்பேறு டாக்டரும் அறுவை அரங்கும் இருக்கும் இடத்தில்தான் பிரசவம். டூலா அங்கேயும் கூட வரலாம், அதில் முரண்பாடு இல்லை.

3. டூலாவைத் தேடும் முன் மருத்துவமனையிடம் கேளுங்கள்

பலரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். டூலாவுக்கு முன்பணம் கட்டிவிட்டு, 36ஆம் வாரத்தில் டாக்டரிடம் சொல்வார்கள். 'லேபர் ரூமுக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி' என்று பதில் வரும். கணவரா டூலாவா என்று வாசலில் நின்று முடிவெடுக்க வேண்டியதாகிவிடும். எனவே 20ஆம் வாரத்தை ஒட்டியே கேட்டுவிடுங்கள். உள்ளே எத்தனை பேர்? வெளியாளுக்கு அனுமதி உண்டா? இரவிலும் உண்டா? நிர்வாகத்திடம் தனியாகக் கடிதம் வேண்டுமா? டாக்டர் சரி என்று தலையாட்டினால் மட்டும் போதாது, இரவுப் பணியில் இருப்பவருக்கு அது தெரியாது. கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையில் நிலைமை வேறு. 2016இல் மத்திய அரசு பிரசவத் துணைக்கு அனுமதி கொடுத்து வழிகாட்டியது. துணை ஒரு பெண் உறவினராக இருக்க வேண்டும். அவர் பிரசவ அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை அணிந்திருக்க வேண்டும், கடைசிவரை கூடவே இருக்க வேண்டும், சிகிச்சையில் தலையிடக் கூடாது, பக்கத்துப் படுக்கைக்காரரைக் கவனிக்கப் போகக் கூடாது. தனிமறைப்பு உள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம். கூலிக்கு அமர்த்திய டூலாவுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது.

அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். மிட்வைஃபின் வேலையை வீட்டில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. டூலாவின் வேலையில் பாதிக்கு மேல் உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ கற்றுத்தந்துவிடலாம். முப்பத்திரண்டாம் வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள், கால் மணி நேரம் போதும். மேலே சொன்ன முதுகு அழுத்தம் ஒன்று. இன்னொன்று இடுப்பு இறுக்கம்: பெண் கட்டிலைப் பிடித்துக் குனிந்து நிற்க, துணை பின்னால் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பின் சதைப்பற்றான பக்கங்களில் வைத்து உள்நோக்கியும் சற்று மேல்நோக்கியும் அழுத்துவது. எந்த அளவு அழுத்தம் இதமாக இருக்கிறது என்று பெண்தான் சொல்ல வேண்டும். ஒத்திகையில் மெதுவாகப் போதும். உண்மையான வலியின்போது 'இன்னும் அழுத்து' என்பார்கள், துணைக்குக் கை வலித்துவிடும். அதனால் இரண்டு பேர் கற்றுக்கொண்டு மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது.

துணைக்கு முக்கியமாகச் சொல்லித்தர வேண்டியது, என்ன சொல்லக் கூடாது என்பதுதான். 'நான் மூணு பெத்தேன், இப்படியா கத்தினேன்' வேண்டாம். 'முக்கு, முக்கு' என்று சிஸ்டர் சொல்லும் முன் சொல்லவே கூடாது. கர்ப்பப்பை வாய் முழுதாக 10 சென்டிமீட்டர் திறக்கும் முன் முக்கினால் அது வீங்கும், பெண்ணும் களைத்துப்போவார். உண்மையில் முக்க வேண்டிய நேரத்தில் தெம்பு இருக்காது.

4. டூலாவைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் டூலாவுக்கு அரசுப் பதிவு கிடையாது. டோனா போன்ற வெளிநாட்டு டூலா அமைப்புகளின் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் உண்டு. சில நாள் பட்டறை, படிப்பு, சில பிரசவங்களில் உடனிருந்த அனுபவம் என்று அது கிடைக்கும். ஒன்றும் இல்லாமல் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கியவர்களும் உண்டு. சான்றிதழைப் பார்ப்பதைவிட நேரில் பேசிப்பார்ப்பது பலன் தரும்.

வழக்கமான ஏற்பாடு இப்படி இருக்கும். பிரசவத்துக்கு முன் இரண்டு மூன்று சந்திப்பு. 38ஆம் வாரம் முதல் 42 வரை எந்நேரமும் அழைத்தால் வருவது. வலி நன்றாகப் பிடித்ததிலிருந்து குழந்தை பிறந்து ஓரிரு மணி நேரம்வரை உடன் இருப்பது. பிறகு வீட்டுக்கு ஒன்றிரண்டு முறை வருவது. கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். தொகையைவிட நிபந்தனையைப் பாருங்கள். திட்டமிட்ட சிசேரியன் ஆகிவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? அவருக்குக் காய்ச்சல் என்றால் யாரை அனுப்புவார்? அந்த மாற்று ஆளை முன்கூட்டியே சந்திக்கலாமா? ஒரே வாரத்தில் எத்தனை பேருக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்?

பேசும்போது இவற்றில் ஏதாவது கேட்டால் எழுந்து வந்துவிடலாம். 'எவ்வளவு திறந்திருக்குன்னு நானே பார்த்துச் சொல்லிடுவேன்.' 'விளக்கெண்ணெய் குடிச்சா வலி வந்துடும்.' 'டாக்டர் ஊசி போடச் சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க.' 'வலி உச்சத்துக்கு வந்தபிறகு போனாப் போதும், சீக்கிரம் போனா கத்தி வெச்சிடுவாங்க.' உள்பரிசோதனை, மருந்து, இதயத்துடிப்புத் தாளைப் படித்து விளக்குவது எதுவும் டூலாவின் எல்லைக்குள் வராது. உங்களுக்குப் பதிலாக டாக்டரிடம் பேசுவதும் அவர் வேலை அல்ல. நல்ல டூலா டாக்டரிடம் வாதாட மாட்டார். உங்களிடம் திரும்பி, 'கேட்க நினைச்சதைக் கேளுங்க' என்பார்.

5. ஒரு பக்கப் பிரசவத் திட்டம்

34 முதல் 36 வாரத்துக்குள் ஒரே தாளில், எட்டு வரிக்கு மிகாமல் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். மூன்று பக்கம் எழுதினால் யாரும் படிப்பதில்லை. கட்டாயம் இருக்க வேண்டியவை: துணை யார், முதல் கட்டத்தில் நடக்கலாமா, முக்கும்போது பக்கவாட்டில் படுக்கலாமா, தேவை ஏற்பட்டால் மட்டும் பிறப்புறுப்பின் வாயைக் கீழே வெட்டுதல், வயிற்றை மேலிருந்து அமுக்காமல் இருத்தல், தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டுதல், பிறந்ததும் குழந்தையைத் தாயின் மார்பில் போடுதல். இவை எல்லாமே உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்ன பரிந்துரைகளோடு ஒத்துப்போவதால் டாக்டரோடு சண்டை வரத் தேவையில்லை. எதற்காவது அவர் மறுப்புச் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். உங்கள் உடல்நிலையில் அதற்கு நியாயம் இருக்கக்கூடும்.

6. வலி வந்த நாளில்

சூட்டு வலியா, பிரசவ வலியா என்ற குழப்பம் எல்லா வீட்டிலும் வரும். சீரகக் கஷாயம் குடித்துப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தைப் பாருங்கள். கொஞ்சம் நடந்து, ஒருக்களித்துப் படுத்தபின் விட்டுவிட்டால் அது பொய் வலி. இடைவெளி குறைந்துகொண்டே, வலி நீண்டுகொண்டே, இடுப்பிலிருந்து முன்பக்கம் சுற்றி வந்தால் உண்மை வலி. முதல் பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒரு நிமிடம் நீடிப்பது, ஒரு மணி நேரமாக அப்படியே என்றால் கிளம்பலாம். இரண்டாவது பிரசவத்துக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டாம். மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணம் என்றால் முதல் பிரசவத்துக்கும் வேண்டாம்.

இந்த ஆரம்ப நேரத்தில் டூலா போனில் பேசி, தேவைப்பட்டால் வீட்டுக்கும் வந்து பக்கத்தில் இருக்கலாம். ஆனால் 'போகலாமா, இருக்கலாமா' என்ற முடிவை மருத்துவமனைக்கு போன் செய்து எடுங்கள். ரத்தம் போவது, பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பது, குழந்தையின் அசைவு குறைவது, கடுமையான தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், 37 வாரத்துக்கு முன் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் டூலாவுக்காகக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

எபிடியூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மருந்து) போட்டுக்கொண்டால் டூலாவுக்கு வேலை இல்லை என்று நினைப்பது தவறு. கால் மரத்திருக்கும் பெண் ஒரே பக்கம் படுத்திருந்தால் குழந்தையின் தலை திரும்பி இறங்கத் தாமதமாகும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு இடையே தலையணையோ நிலக்கடலை வடிவப் பந்தோ வைக்க ஆள் வேண்டும். சாதாரணப் பிரசவப் பந்து வாங்குவதானால், உட்கார்ந்தபின் இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். சராசரி உயரத்துக்கு 65 சென்டிமீட்டர் சரி. 5 அடிக்குக் கீழே என்றால் 55. சுவரோரம் வைத்து, பின்னால் ஆள் நிற்க வைத்தே உட்காருங்கள்.

அவசரச் சிசேரியன் என்று முடிவானால் டூலா பெரும்பாலும் அரங்கின் வாசலோடு நின்றுவிடுவார். அந்த நேரத்தில் வெளியே இருக்கும் குடும்பத்தாரிடம் நடப்பதைப் பதற்றமில்லாமல் சொல்வதும், பெண் வெளியே வந்ததும் முதல் தாய்ப்பாலுக்கு உதவுவதும் அவர் வேலையாகிறது.

7. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

இங்கிலாந்தில் கர்ப்பம் உறுதியானதுமே நீங்கள் போவது மிட்வைஃபிடம்தான். அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் அதற்குக் கட்டணம் இல்லை. சிக்கல் வந்தால்தான் டாக்டர். அதை 'டாக்டரே பார்க்கலை' என்று குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவசர நிலை தவிர, பதிவு பெற்ற மிட்வைஃபோ டாக்டரோ அல்லாத ஒருவர் பிரசவம் பார்ப்பது அங்கே சட்டப்படி குற்றம். டூலா வேண்டுமானால் சொந்தச் செலவு.

கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு நுணுக்கம் உண்டு. அங்கே பிரசவப் பொறுப்புக்கு மிட்வைஃப் அல்லது டாக்டர், இருவரில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மிட்வைஃபைத் தேர்ந்தெடுத்தால் மருத்துவமனையிலும் அவரே பிரசவம் பார்ப்பார்; பிறந்தபின் முதல் வாரம் வீட்டுக்கு வருவார், ஆறு வாரம்வரை தாயையும் சேயையும் கவனிப்பார். மாகாண அரசு செலவை ஏற்கிறது. ஓஹிப் அட்டை (மாகாண அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை) இன்னும் வராத, ஒன்ராறியோவில் வசிக்கும் பெண்களுக்கும்கூட. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்த வாரமே அழையுங்கள். டூலாவை நீங்கள்தான் அமர்த்த வேண்டும்.

இலங்கையில் பிரதேசந்தோறும் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து கர்ப்பிணியைப் பதிவு செய்து பிரசவத்துக்குப் பின்னும் பார்த்துப்போகிறார். ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் மருத்துவமாது.

8. பிறந்தபின் யார் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் இரண்டு மணி நேரம் முழுக்க மிட்வைஃபின் கையில். கால் மணிக்கு ஒருமுறை தொப்புளுக்குக் கீழே கர்ப்பப்பை கல்போல இறுகியிருக்கிறதா, உதிரம் எவ்வளவு, நாடி, ரத்த அழுத்தம் என்று பார்க்க வேண்டும். நஞ்சு அரை மணிக்குள் முழுதாக வந்துவிட வேண்டும். இந்த நேரத்தில் பெண் 'மயக்கமா வருது', 'ஈரமா ஓடுது' என்று சொன்னால் டூலாவோ அம்மாவோ செய்ய வேண்டியது, சிஸ்டரை உடனே குரல் கொடுத்துக் கூப்பிடுவது மட்டுமே. களைப்புதான் என்று போர்த்திப் படுக்கவைத்துவிட்டுப் போனதில் உயிர்கள் போயிருக்கின்றன.

டூலாவின் பங்கு, பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் சீம்பால் கொடுக்க உதவுவது. குழந்தை மார்பில் கிடக்கட்டும், தானாகத் தேடும். காம்பு மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்து மறுபடி வைக்கலாம். சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். இதைப் பாட்டியிடம் சொல்லும் பொறுப்பைக் கணவர் முன்கூட்டியே முடித்துவிட்டால் அறையில் வாக்குவாதம் இருக்காது.

வீட்டுக்கு வந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதாக நனைந்தால், உதிரம் நாற்றமடித்தால், காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். டூலா வீட்டுக்கு வரும் நாளை மூன்றாவது அல்லது நான்காவது நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பால் கட்டுவதும் காரணமில்லாமல் அழுகை வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை ஓயவில்லை என்றால், அதை டூலாவிடம் சொல்லி ஆறுதல் தேடுவதோடு விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.